கால் நரம்புச் சுருட்டல்: அஞ்ச வேண்டாம்



அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் நின்றே உழைப்போர் நம்மிடையே பலர். காலில் நீலமாய்ப் புடைத்து நெளிவதை 'நரம்புச் சுருட்டல்' என்கிறோம். உண்மையில் அது நரம்பன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பியனுப்பும் சிரை. அதன் வால்வுகள் பழுதானால் இரத்தம் கீழே தேங்கும். கவனியாது விட்டால் கணுக்காலில் ஆறாப்புண் வரலாம்.

"அதை எடுத்துவிட்டால் கால் வீணாகுமே" என்று அஞ்சாதீர்கள். காலின் பெரும்பகுதி இரத்தம் ஆழத்திலுள்ள சிரைகள் வழியாகவே திரும்புகிறது. அவை செவ்வையாயிருப்பதை டாப்ளர் ஸ்கேனில் கண்ட பின்னரே மருத்துவர் அறுவைக்கு முனைவார். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே உண்டு.

சிரை வெடித்து இரத்தம் பீறிட்டால், படுக்கவைத்துக் காலை உயர்த்தி, அவ்விடத்தைத் துணியால் அழுத்திப்பிடித்து மருத்துவமனைக்கு விரையுங்கள். மேலே கயிறு கட்டி இறுக்காதீர்கள்.