கடனில்லாப் பயணம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விடுமுறைக் காலத்தில் குறைந்த செலவில் உண்பது, காண்பது, வாங்குவது ஆகிய மூன்றையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். நாம் புலவரல்லோம், மேடையேறிப் பழகியவருமல்லோம். கூட்டலும் கழித்தலுமாகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ஓர் எழுத்தர். ஆதலின் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். பொறுத்தருள்க.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றபோது, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ரூ. 40,000 கடன் பெற்றோம். இலவசப் பாஸ் இருந்ததால் வண்டிச் செலவு இல்லை. எனினும் உறவினர் எதிரில் கை வீசிக்கொண்டு போய் நிற்கலாமோ என்ற எண்ணம் கடன் வாங்கச் செய்தது. திருப்பதியில் ஒரு பெரிய விடுதி, பளபளக்கும் கடை ஒன்றில் பதினொரு புடவைகள், இரண்டு வாடகைக் கார்கள் என்று ஆறு நாளில் அந்தத் தொகை கரைந்தது. திருப்பிக் கட்டப் பன்னிரண்டு மாதம் பிடித்தது. நூற்றுக்குப் பதினொன்று வீதம் வட்டி மட்டும் ரூ. 2,400-க்குச் சற்று மேல். பதினொரு புடவைகளில் ஒன்றையேனும் இன்று எவரும் உடுத்துவதாகத் தெரியவில்லை. இந்தக் கதை நம் ஒருவர் கதை மட்டும் அன்று என்பதை, இங்கே அமர்ந்திருப்போர் சிலர் புன்முறுவல் பூப்பதிலிருந்தே அறிகிறோம்!

அதன் பின்னரே கடனில்லாமல் ஒரு பயணம் செய்து பார்ப்பது என்று உறுதி கொண்டோம். சென்ற ஆண்டு அவ்வாறே சென்று வந்த இடம் நாராயணவனம்.

அது எங்கே இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். நாம் அனைவரும் அதன் அருகே பன்முறை சென்றவர்களே. ஆயின் உறங்கிக்கொண்டு சென்றோம். சென்னையையும் பம்பாயையும் 1871-இல் இணைத்த இருப்புப்பாதை, ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே புத்தூர் என்னும் நிலையத்தைக் கடக்கிறது. எலும்பு முறிவுக்குப் பச்சிலை வைத்துக் கட்டும் 'புத்தூர்க் கட்டு' என்றால் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அந்தப் புத்தூரே இது. அங்கிருந்து பேருந்திலோ பங்கு ஆட்டோவிலோ சில நிமிடங்களில் நாராயணவனத்தை அடையலாம். திருப்பதியிலிருந்து வருவோர்க்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

இவ்வூர் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. ஆயினும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இரு சகோதரிகளைப் போல் கைகோத்து நடக்கின்றன. தெலுங்கில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடிகிறது. பிற மொழிகளுக்கிடையே வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைக் கேட்பதே ஒரு பாடம்.

இனி, காண்பது பற்றிக் கூறுவோம். நாராயணவனம் ஆகாசராசனின் தலைநகர் என்றும், அவன் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் மணந்த இடம் என்றும் தலபுராணம் கூறும். இங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில் 1967 முதல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ளது. பெருமாள் திருமணக் கோலத்தில் நின்றருள்கிறார். திருமலையில் நொடிப்பொழுதில் நகர்த்திவிடுகிறார்களே என்று ஏங்கும் தாய்மார்கள், இங்கே நாம் சென்ற நாளில் நின்றதுபோல், ஆற அமர நின்று சேவிக்கலாம். திருமணத்துக்கு மாவரைத்தது என்று சொல்லி ஒரு பெரிய திரிகைக் கல்லையும் காட்டுகிறார்கள். அதைக் கண்ட நம் இல்லத்தரசி, "கலியாண வீடென்றால் தேவலோகத்திலும் அடுப்படி வேலைதான் முதலில்" என்றார்.

இந்தத் திருமணத்திற்காகவே பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பது நாம் அனைவரும் கேட்ட கதை. 1 கோடியே 14 லட்சம் பொன் என்பர். கலியுகம் முடியும் வரையில் வட்டி கட்டுகிறார் என்பர். திருப்பதியில் கோவிந்தராசப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் பள்ளிகொண்டிருப்பதற்கும், தம்பிக்கு வந்த செல்வத்தை அளந்து அளந்து களைத்துவிட்டார் என்றே பக்தர்கள் காரணம் கூறுவர். "கடவுளே கடன் வாங்கிக் கலியாணம் செய்துகொண்டார்; நாம் வாங்கினால் என்ன?" என்று நம் குடியிருப்பில் ஒரு நண்பர் அடிக்கடி சொல்வார். கோயில் திண்ணையில் அமர்ந்து இதை எண்ணிப் பார்த்தோம். பெருமாளின் வட்டியைக் கட்டுவதற்கு நாள்தோறும் பல்லாயிரம் அடியார்கள் உண்டியலோடு வரிசையில் நிற்கிறார்கள். நம் வட்டியைக் கட்ட எந்த அடியார் வருவார்?

மணம் முடிந்த பின் ஆறு திங்கள் மலையேறலாகாது என்று மணமக்கள் அகத்தியர் ஆசிரமத்தில் தங்கினார்கள் என்பதும் கதை. அவ்விடம் திருப்பதிக்கு மேற்கே உள்ள சீனிவாச மங்காபுரம். திருச்சானூரையும் மங்காபுரத்தையும் ஒரே நாளில் பேருந்திலேயே கண்டுவிடலாம். வாடகைக் கார் வேண்டுவதில்லை.

நாராயணவனத்தில் தவறாது காண வேண்டிய மற்றோர் இடம் சுரைக்காய்ச் சுவாமிகளின் சமாதி. சுரைக்குடுக்கையைத் தாங்கித் திரிந்தமையால் அப்பெயர் பெற்ற இச்சித்தர் 1902-இல் சமாதியடைந்தார். பொன்னைக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிய திருமணத்தின் நினைவும், சுரைக்குடுக்கையோடு வாழ்ந்தவரின் நினைவும் ஒரே ஊரில் இருக்கின்றன. எதை வணங்கிவிட்டு எதைப் பின்பற்றுவது என்பதை ஊரே நமக்குச் சொல்கிறது.

அடுத்து உணவு. சிக்கனம் என்பது வயிற்றைச் சுருக்குவதன்று. வீண் ஆரவாரத்தைச் சுருக்குவது. வண்டியில் முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டிலி, மறுநாளுக்குப் புளியோதரை என்று நம் பாட்டியர் வகுத்த முறைக்கு ஈடு இல்லை. தயிர்ச்சோற்றை முதல் வேளைக்குள் தீர்த்துவிட வேண்டும். கோடையில் அது வழித்துணைக்கு ஆகாது. திருமலையில் 1985-இல் தொடங்கிய அன்னதானம் இன்றும் நடைபெறுகிறது. அங்கே பந்தியில் அமர்ந்து உண்பதை இலவசச் சோறு என்று எண்ணிக் கூசுவோர் உண்டு. கோடீசுவரரும் கூலியாளும் ஒரே பந்தியில் அமரும் இடத்தில் கூச்சத்திற்கு என்ன வேலை? மனம் ஒப்பாவிடில் உண்ட பின் இயன்றதைக் காணிக்கையாக இட்டு வரலாம்.

புத்தூர், நாராயணவனம் பக்கத்தில் சிறு உணவுக் கடைகளே உள்ளன. காலையில் சுடச்சுட இட்டிலியும் வேர்க்கடலைச் சட்டினியும் கிடைக்கும். தேங்காய்ச் சட்டினிக்கே பழகிய நம் நாவுக்கு அது புதுச் சுவை. கேழ்வரகு மாவும் சோறும் சேர்த்துக் கிளறும் 'சங்கடி' என்னும் களியை ஒருமுறையேனும் உண்டு பார்க்க வேண்டும். அரை உருண்டை உண்டால் மாலை வரையில் பசி எட்டிப் பாராது. கோடையில் சென்றால் மாம்பழம். கிளிமூக்கு மாங்காய்க்குச் சித்தூர்ச் சீமை பெயர் பெற்றது. குடிநீரிலும் குழந்தைகளின் பாலிலும் மட்டும் சிக்கனம் பார்த்தல் ஆகாது. அங்கே மிச்சம் பிடித்தது மருந்துக் கடைக்கே போகும்.

இனி, வாங்குவது. இதைப் பற்றிச் சொல்வதற்காகவே உண்மையில் இம்மேடையில் நிற்கிறோம்.

நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகியவை நெசவூர்கள். தெருவில் நடந்தால் விசைத்தறிகளின் ஓசை காதை நிறைக்கும். கைத்தறிகள் குறைந்துவிட்டன. ஆயினும் விசாரித்துக்கொண்டு சென்றதில், ஒரு சந்தில் குழித்தறியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரைக் கண்டோம். அவர் துணைவியார் அருகில் இருந்து ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பருத்திப் புடவை ஒன்று ரூ. 1,200 என்றார். இரண்டு எடுத்தோம். பழக்க தோஷத்தால் பேரம் பேசினோம். அவர், "ஐயா, நூல் விலை நான் வைத்ததில்லை, சாய விலையும் நான் வைத்ததில்லை. குறைப்பதென்றால் என் கூலியில்தான் குறைக்க வேண்டும்" என்று தமிழிலேயே சொன்னார். நாம் விடவில்லை. ஈராயிரத்து இருநூறுக்கு முடித்து, வென்றுவிட்ட பெருமிதத்தோடு தெருவுக்கு வந்தோம்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் அப்போது கேட்டாள்: "அப்பா, நேற்றுத் திருப்பதிக் கடையில் நாம் வாங்கிய பையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதை அப்படியே கொடுத்தோம். இங்கே மட்டும் ஏன் குறைத்தோம்?"

விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் உள்ள இடத்தில் பேரம் பேச நமக்கு நாணம். மண் தரையில் அமர்ந்திருப்பவரிடம் பேச நாணம் இல்லை. அங்கே வலியவரிடம் கொடுத்ததை இங்கே எளியவரிடம் பிடித்தோம். இதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டோம்! ஒரு புடவைக்குப் பாவு ஓட்டி, கஞ்சியிட்டு, நாடா எறிந்து முடிக்க இருவர் உழைப்பில் இரண்டு மூன்று நாள் ஆகிறது என்று அவர் சொல்லியிருந்தார். நாம் குறைத்த இருநூறு ரூபாய், அவர்களுடைய உழைப்பில் ஏறத்தாழ எத்தனை மணி நேரம் என்று கணக்கர் மனம் தானே கணக்கிடத் தொடங்கிவிட்டது.

திரும்பிச் சென்று அந்த இருநூறைக் கொடுத்தோம். அவர் கண்ணீர் மல்கினார் என்றோ, கைகூப்பினார் என்றோ சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். அப்படி ஒன்றும் நிகழவில்லை. வாங்கி எண்ணிப் பார்த்தார், துணைவியாரிடம் கொடுத்தார், மீண்டும் தறிக்குழியில் இறங்கினார். தம் கூலியைப் பெறுவதற்கு ஒருவர் எதற்காக நன்றி கூற வேண்டும்?

ஆதலின் தாய்மார்களுக்கு நம் வேண்டுகோள் இது: வாங்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள், நெய்தவர் கூலியைக் குறையாதீர்கள். பதினொன்றுக்குப் பதில் இரண்டு வாங்குங்கள். அவை ஐந்தாண்டு உழைக்கட்டும். ஏமாறாமலும் வாங்குங்கள். பருத்தி என்று விற்பது பருத்திதானா என்று ஐயுற்றால், ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். நூலிலேயே சாயமேற்றி நெய்த துணியில் நிறம் இருபுறமும் ஒன்றாயிருக்கும்; மேலே அச்சிட்டதாயின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கடையில் வாங்கினால், 2006 முதல் வழக்கில் உள்ள கைத்தறி முத்திரை உண்டா என்று கேளுங்கள். சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றினார்கள். ஆயின் வாங்குவோர் கேட்காவிடில் சட்டம் மட்டும் தறியை ஓட்டாது.

விசைத்தறித் துணியை வாங்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. அன்றாடத்துக்கு லுங்கியும் துண்டும் அதில் மலிவு. அதை ஓட்டுபவரும் தொழிலாளியே. விசைத்தறித் துணியைக் கைத்தறி விலைக்கு வாங்குவது ஏமாளித்தனம். கைத்தறித் துணியை விசைத்தறி விலைக்குக் கேட்பது அநீதி. இரண்டையும் தவிர்ப்பதே சிக்கனம்.

திரும்பும் வழியையும் சொல்லிவிடுகிறோம். வந்த வழியே மீண்டும் செல்லாமல், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் சாலையைப் பிடித்தால், அச்சாலையே ஒரு சுற்றுலா. நாராயணவனத்தை அடுத்துக் கைலாசகோனை அருவி. குழந்தைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பின்னர் நாகலாபுரத்தில் வேதநாராயணர் கோயில். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் மாலைக் கதிரவனின் ஒளி மூலவர்மேல் படியுமாறு கட்டப்பட்ட அருமையைக் காணலாம். அதன் பின் சுருட்டப்பள்ளி. சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் அரிய தலம் அது. பேருந்தில் இறங்கி ஏறிக் காணலாம்; மாலைக்குள் சென்னையில் உறவினர் வீட்டு வாயிலில் நிற்கலாம். நாம் அவ்வாறே நின்றோம். கையில் இருந்தவை இரண்டு புடவைகள், ஒரு பை, சில மாம்பழங்கள், பெருமாள் பிரசாதம். எவரும் நம்மைக் குறைவாக எண்ணவில்லை. குறைவாக எண்ணுவார்களோ என்று இத்தனை ஆண்டுகள் அஞ்சியவர் நாமே.

முடிவாக, தொடங்கிய கணக்கையே கூட்டி முடிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கடனுக்கு நாம் கட்டிய வட்டி ரூ. 2,400-க்குச் சற்று மேல் என்றோம். நாராயணவனத்துப் பெரியவரிடம் இரண்டு புடவைக்கு நாம் முழு விலையாகக் கொடுத்ததும் ரூ. 2,400. அன்று வட்டியாகப் போன பணம் நம் வீட்டில் ஒரு முழத் துணியையும் விட்டுச் செல்லவில்லை. இன்று அதே அளவு பணம் ஒரு தறியை ஓட்டியது. ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. அதோ முதல் வரிசையில் நம் இல்லத்தரசி உடுத்தி அமர்ந்திருக்கிறார்.

அடுத்த விடுமுறையில் வண்டி புத்தூரைக் கடக்கும்போது விழித்திருங்கள், இயன்றால் இறங்குங்கள்.