கால்கடுப்பும் இருக்கையும்

(திண்டிவனத்தில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதர் பேச எழுந்தால் காப்பியமொன்றையோ இலக்கண நூலொன்றையோ எடுத்துக்கொள்வதே வழக்கம். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கால்கடுப்பு. இதனைக் கேட்டு முன்வரிசையிற் சிலர் நகைக்கின்றனர். பின்வரிசையில், விடுமுறை பெற்று வந்திருக்கும் கடைப்பணியாளர் எவரும் நகைக்கவில்லை. அவர்பொருட்டே இதனைத் தெரிந்துகொண்டோம்.

நம் வகுப்பாரின் தொழில்நிலை ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டமை நீங்கள் அறிந்ததே. ஏர்பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் கடைவீதியிலும் துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, உணவுவிடுதி ஆகியவற்றிற் பணிசெய்கின்றனர். சுற்றூர்களினின்று காலையிற் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, பகலெல்லாம் கடையில் நின்று, இரவிற் பேருந்தில் நின்றுகொண்டே மீள்வோர் பலர். எம்மிடம் பயின்ற பெண்ணொருத்தியைத் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அவள் வீட்டுத் திண்ணையிற் கண்டோம். எம்மைக் கண்டதும் எழுந்து வணங்க முயன்றாள். இயலாமல் மீண்டும் அமர்ந்தாள். அவளுக்கு அப்பொழுது அகவை 22.

‘நடவு நடுபவளும் நாள்முழுதும் காலிலேதானே நிற்கின்றாள்? அவளுக்கில்லாத நோய் இவளுக்கு எங்ஙனம் வந்தது?’ என்று பெரியோர் சிலர் வினவுவர். வினா நல்லதே. நடுபவள் நிற்பதில்லை, நகர்கின்றாள். (அவளுக்கு இடுப்புநோவு உண்டு, அது வேறு கதை.) இதயம் காலுக்கு அனுப்பிய குருதி மீண்டும் மேலேறவேண்டும். அதனை ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசை. அத்தசை சுருங்குந்தோறும் சிரைகளை அழுத்திக் குருதியை மேலே தள்ளும். தள்ளிய குருதி கீழே வழியாதபடி சிரைகளுக்குள்ளே சிறு கதவுகள் உள்ளன. ஏற்றம் இறைத்தலைக் கண்ட முதியோர்க்கு இது விளங்கும். துலாவின்மீது ஆள் முன்னும் பின்னும் நடந்தாலன்றோ சால் மேலே வரும்? அவன் நின்றுவிட்டால் நீரும் நின்றுவிடும். அவ்வாறே, அசையாமல் ஓரிடத்தில் நிற்பவர்க்குக் குருதி கணுக்காலிலே தேங்குகின்றது. நீர் கசிந்து கால் வீங்குகின்றது. இஃது ஆண்டுக்கணக்கிற் தொடர்ந்தால் அக்கதவுகள் தளர்ந்து, சிரைகள் முறுக்கிக்கொண்டு புடைக்கவுங் கூடும். நம்மவர் அதனை நரம்புச் சுருட்டல் என்பர். உண்மையில் அங்குச் சுருண்டது நரம்பன்று, சிரையே.

குதிகால் நோவு மற்றொன்று. உள்ளங்காலின் வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டையொன்று குதிகாலெலும்பிற் பற்றியிருக்கின்றது. ஓய்வின்றி நிற்பதால் அப்பட்டை நைந்துபோனால், காலையில் எழுந்து வைக்கும் முதலடியிலேயே முள் தைத்தாற்போல் வலிக்கும். பளிங்கும் கிரானைட்டும் பதித்த தரையில் இது மிகும். சில கடைகளிற் பணியாளர் செருப்பணியவுங் கூடாதென்பது விதி. வாங்குவோர் கண்ணுக்குத் தரை பளபளக்கவேண்டும்; அத்தரையின் வன்மையை வெறுங்கால் அறிகின்றது.

இனி, செய்யத்தக்கன யாவை? யாம் மருத்துவரல்லேம், மருத்துவர் பொதுவாகக் கூறுவனவற்றையே தொகுத்துரைக்கின்றோம். நிற்கும்பொழுது இரு காலையும் விறைத்து ஊன்றாமல், உடலின் பாரத்தை மாற்றி மாற்றி வைத்தல்வேண்டும். ஒரு சாணுக்குட்பட்ட உயரமுள்ள பலகையொன்றை மேசையின் பின்னே இட்டு, ஒரு காலை அதன்மேல் வைத்துச் சிறிதுநேரம் கழித்து மறுகாலை வைத்தால், காலோடு இடுப்பும் ஆறும். அரைமணிக்கு ஒருமுறை, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்று இறங்குதலைப் பதினைந்து இருபது தடவை செய்க. மேசைக்குப் பின்னே இதனைச் செய்வதை எவரும் காணார். முதலாளியின் படக்கருவியுங் காணாது.

காலணியை மாலையில் வாங்குக; பகலெல்லாம் நின்று சற்றே தடித்த காலுக்கு அளவாயிருப்பதே நாள்முழுதும் இறுக்காது. பெருவிரலுக்கு முன் ஒரு விரலகலம் இடமிருக்கட்டும். தேய்ந்து மெலிந்த இரப்பர்ச் செருப்பும், உயர்ந்த குதியுடைய செருப்பும் ஆகா. காலணி விலக்கப்பட்ட கடைகளில், நிற்குமிடத்திலேனும் தடித்த இரப்பர் விரிப்பிடுமாறு கேட்டல் தகும். அதன் விலை ஒரு பட்டுப்புடவையின் விலையினுங் குறைவே.

வீடு திரும்பியபின், மல்லாந்து படுத்துத் தலையணைகளின்மேற் கால்களை வைத்து, மார்பினும் உயர்ந்திருக்குமாறு கால்மணி நேரம் கிடப்பது வீக்கத்தை வடிக்கும். எண்ணெயிட்டு நீவுதலை யாம் இகழ்வதில்லை. பாட்டிமார் கைக்கு ஈடுண்டோ? ஆனால் கணுக்காலிற் தொடங்கி முழங்காலை நோக்கி மேல்முகமாக நீவுக. குதிகால் நோவுடையார், புட்டியில் நீர் நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்து, துணி சுற்றி உள்ளங்காலின்கீழ் உருட்டலாம். சுவரிற் கைகளையூன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையிற் பட, கெண்டைக்காலை அரை நிமிடம் இழுத்து நிற்கலாம். வெந்நீரிற் கால்வைத்தல் இதமே. சர்க்கரை நோயுடையார் மட்டும் இதிற் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவருட் பலர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். சூடு தெரியாமல் வெந்துபோதலுண்டு. அவர் கால் நனைக்குமுன் பிறரொருவர் கைவைத்துப் பார்த்தல் நலம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடேறினால், அங்கே குருதி உறைந்திருத்தல் கூடும். அதனை நீவாதீர், எண்ணெயிடாதீர், அன்றே மருத்துவமனைக்குச் செல்க. திண்டிவனத்தில் அரசினர் மருத்துவமனை உளது; விழுப்புரத்தார்க்கு முண்டியம்பாக்கத்திலே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உளது.

இவ்வளவுங் கூறியபின்னும், இவை பெரும்பாலும் நோய்க்குப் பின் ஓடுவனவே. தலையாய மருந்து இடையிடையே அமர்தல். நம் மொழியின் நுட்பமொன்றைக் காண்க. ‘இரு’ என்னும் ஒரே வினை உளதாதலையும் உணர்த்துகின்றது, உட்கார்தலையும் உணர்த்துகின்றது. வீட்டிற்கு வந்தாரை ‘இருங்கள்’ என்கின்றோம். திருமாலடியார் தம் இறைவனுக்கும் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்றையும் வைத்தனர். பழைய தென்னார்க்காட்டு நிலத்திலேயே, திருக்கோவலூரில் உலகளந்தவனாய் நின்றும், பூவரசங்குப்பத்தில் நரசிங்கனாய் அமர்ந்தும், செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் அரங்கனாய்க் கிடந்தும் அவன் காட்சி தருகின்றான். கடையில் வேலைசெய்யும் பெண்ணுக்கு மட்டும் ஒரு கோலமே விதித்துவிட்டோம். பழைய பள்ளிக்கூடங்களிற் பிழைசெய்த மாணாக்கனை ஒரு பாடவேளை நிற்கவைப்பர். அதற்குத் தண்டனை என்று பெயர். எட்டுமணி, பத்துமணி நேரம் நிற்கவைத்தலை வேலை என்கின்றோம்.

சட்டம் இதனைக் காணாதிருக்கவில்லை. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடைகளிற் பணிபுரியும் மகளிர் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைத்தல்வேண்டுமென்று சட்டம் செய்தனர். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலைசெய்வார்க்கு இருக்கை வேண்டுமென்றது. அது கடைகளைச் சாரவில்லை. கடைகளுக்கென அமைந்தது 1947-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம். இத்திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரிற் பிறந்த இராமசாமி ரெட்டியார் மாகாண முதலமைச்சராயிருந்த காலத்தது அது என்பது நம் பகுதியார் நினைக்கத்தக்கது. நாளொன்றுக்கு எட்டுமணி நேர வேலையும், நான்குமணி நேரத்திற்கு மேற்படாமல் இடையே ஒருமணி ஓய்வும் அது வகுத்தது. இருக்கையைப்பற்றி ஒன்றுங் கூறவில்லை.

அக்குறை தீர எழுபது ஆண்டுகளுக்குமேற் சென்றன. கேரளத்திற் கோழிக்கோட்டுக் கடைகளிற் பணிசெய்த பெண்கள், விஜி என்னும் அம்மையார் முன்னிற்ப, அமரவும் கழிப்பிடம் செல்லவும் உரிமை வேண்டிப் பல்லாண்டு போராடினர். 2018-இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பர் 6-ஆம் நாள் நம் சட்டமன்றத்திலே தொழிலாளர்நல அமைச்சர் சி. வெ. கணேசன் அவர்கள் அத்தகைய திருத்தத்தைக் கொணர்ந்தார், அது நிறைவேறிற்று. அதனாற் சேர்ந்த 22-அ பிரிவின்படி, ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கைவசதி இருத்தல்வேண்டும். வேலைக்கிடையே அமர வாய்ப்பு நேருந்தோறும் அவர் அமரலாம். ஆண் பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை.

கடையுடையார் கூறும் தடை யாம் அறிந்ததே: ‘வாங்க வந்தவர் முன் பணியாளர் அமர்ந்திருப்பது மரியாதைக் குறைவு.’ வாங்குவோர் எதிரே நிற்கும்பொழுது அமர்ந்திருங்கள் என்று சட்டம் கூறவில்லை. எவரும் இல்லாத நண்பகலிலும் சுவரிற் சாயவிடாமல் நிறுத்துவதையே அது விலக்குகின்றது. மரியாதை என்னும் பேச்சும் புதியதே. முன்னாளில் ஜவுளிக்கடை எங்ஙனம் இருந்தது? வெள்ளை விரிப்பிட்ட மெத்தையிற் கடைக்காரரும் அமர்வார். புடவை எடுக்க வந்த குடும்பமும் எதிரே அமரும். கடைப்பையன் துணியை விரித்துப் போடுவான். அதில் எவருக்கும் மரியாதை குறையவில்லை, வியாபாரமுங் குறையவில்லை.

யாம் அஞ்சுவது இத்தடையையன்று. நம்முள் நிலவும் மற்றொன்றை. இம்மன்றத்திற் கடையுடையாரும் இருக்கின்றனர். அவர் கடையில் நிற்போரும் இருக்கின்றனர். இருவரும் பெரும்பாலும் உறவினர். மாமன் கடையில் மருமகள், பெரியப்பா கடையிற் பிள்ளை. உறவினர் என்பதாலேயே அப்பெண் வாய்திறவாள். அவள் தாயும், ‘மாமா வேலை கொடுத்ததே பெரிது, கால்வலி என்று சொல்லி அவர் மனத்தை நோகச்செய்யாதே’ என்பாள். அயலார் கடையாயின் தொழிலாளர் ஆய்வாளரிடம் முறையிடுவோரும் உறவினர் கடையின்மேல் முறையிடார். ஆகவே சட்டம் எட்டாத இடமாக நம் கடைகளே நின்றுவிடுகின்றன. மாமன்மார் இதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ளவேண்டா. உங்கள் வீட்டுக்கு அப்பெண் வந்தால் ‘இரும்மா’ என்று நீங்கள்தாமே முதலிற் சொல்கின்றீர்கள்? அச்சொல்லைக் கடையிலும் ஒருமுறை, பிறர் கேட்கச் சொல்லிவிடுங்கள். முதலாளியே வாய்விட்டுச் சொன்னாலன்றி, முக்காலி கிடந்தாலும் அதன்மேல் எவரும் அமரார்.

நாள்முழுதும் அமர்ந்திருத்தலும் நன்றன்று என்பதனை எழுத்தர் வேலைசெய்வார் அறிவர். நிற்றலும் நடத்தலும் அமர்தலும் மாறிமாறி வரவேண்டும், அவ்வளவே.

இப்பொருள்பற்றிய தீர்மானத்தைச் செயலாளரவர்கள் இப்பொழுது படிப்பார்கள். நம் சங்கக் கட்டடத்தின் மாடியிற் பழைய மர முக்காலிகள் பன்னிரண்டு பயனின்றிக் கிடக்கின்றன. வேண்டும் சிறுகடையினர் அவற்றை வாடகையின்றி எடுத்துச்செல்லலாமென்று செயற்குழுவார் இசைந்துள்ளனர். ஆடித் தள்ளுபடி விற்பனை தொடங்குமுன் பெயர் கொடுப்பது நன்று. மூன்று முக்காலிகளுக்குக் கால் ஆட்டம் கண்டிருக்கின்றது, தச்சரை வரவழைத்திருக்கின்றோம்.