தச்சர் கையில் தூரிகை



கீழையாசிய மை ஓவியம் என்றாலே நம்மிடையே பேச்சு தாவோ, ஜென், வெற்றிடம் என்றுதான் தொடங்குகிறது. இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களிலும் அந்த வாடை சற்றுத் தூக்கல். தலைமை தாங்கும் உரிமையில் தத்துவத்தைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்து, கைவேலையைப் பற்றிப் பேசுகிறேன். அதற்குத் தோதான ஆள் சீன ஓவியர் சீ பைஷி.

1864இல் சீனாவின் ஹுனான் மாகாணத்துச் சியாங்டானில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது சொற்ப காலம். பதின்வயதில் தச்சு வேலை, பிறகு மரச் செதுக்கல். வேலைக்குப் போன வீடொன்றில் ‘கடுகுவிதைத் தோட்டம்’ என்னும் ஓவியக் கையேட்டைக் கண்டார். இரவல் வாங்கி, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து படியெடுத்தார். பெய்ஜிங்கில் குடியேறும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அங்கே அவர் படங்களைச் சீந்துவாரில்லை. பிறர் பாணியை விட்டுச் சொந்த வழி தேடும்படி தூண்டியவர் நண்பர் சென் ஷிசெங். 1922இல் அவரே சீ பைஷியின் படங்களை டோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அங்கே நல்ல விலைக்குப் போன பிறகுதான் பெய்ஜிங் திரும்பிப் பார்த்தது.

அவர் வரைந்த இறால்களை எல்லாரும் அறிவோம். மேசைமேல் கிண்ணத்தில் உயிருள்ள இறால்களை விட்டு, அவை நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். பதப்படுத்தாத சுவான் என்னும் சீனத் தாள் மையைச் சட்டென்று உறிஞ்சிவிடும். வைத்த கோட்டைத் திருத்த முடியாது. நீர் கலந்த வெளிர் மையில் தலையை இழுத்து, அது காயுமுன் நடுவில் அடர்மை ஒரு தீற்று. அந்தக் கறுப்பு மெல்லப் பரவும்போது ஓடு கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. உடல் வளையங்களுக்கு வளையத்துக்கொரு தீற்று. இறால்களைச் சுற்றித் தண்ணீரை அவர் பெரும்பாலும் வரைவதில்லை. ஆண்டுகள் போகப் போகக் கால்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். முதலில் நெருக்கமாக இருந்தவை கடைசியில் ஐந்தில் நின்றன. இந்தக் குறைப்பை ஞானம் என்பதைவிட, எதைச் செதுக்கித் தள்ளலாம் என்று அறிந்த தச்சரின் கணக்கு என்பேன்.

காசுக்கு வரைவதை இழிவாகக் கருதியது சீன அறிஞர் மரபு. சீ பைஷியோ விலைப்பட்டியலைச் சுவரில் மாட்டினார். பூவோடு பூச்சியோ பறவையோ வேண்டுமென்றால் உருப்படிக்குத் தனிக்காசு. தச்சுத் தொழிலையும் மறைக்கவில்லை. லூ பானின் மாணாக்கன் என்று தம் கையாலேயே முத்திரை வெட்டிப் படங்களில் பதித்தார். சீனத் தச்சருக்கு லூ பான், நம் தச்சருக்கு மயன்போல.

சீ பைஷியை ஓவியக் கல்லூரியில் ஆசிரியராக அமர்த்திய ஓவியர் சூ பெய்ஹோங், 1939-40இல் தாகூரின் சாந்திநிகேதனில் தங்கியவர் என்பது நமக்கொரு சின்ன உறவு.

இறந்த ஆண்டான 1957வரை சீ பைஷி வரைந்தார். எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். விற்பனைக்குத் திரும்பத் திரும்ப வரைந்ததில் கை சலித்தவையும் உண்டு. போலிகளுக்கோ பஞ்சமில்லை.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தைத் திரையில் காட்டும்போது தாள் எது, மை எது, யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்பதையும் தெரிந்தவரை சொல்லுங்கள். வெற்றிடத்தை விவாதிக்கப் பிற்பகல் அமர்வு இருக்கவே இருக்கிறது.