வெற்றிடம்கூட விடாத தணிக்கை

(புதுச்சேரியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1908இல் சென்னையில் 'இந்தியா' இதழ் மீது பிரிட்டிஷ் அரசு வழக்குத் தொடுத்தபோது, பாரதியும் அந்த இதழும் வந்து சேர்ந்தது இங்கேதான். பாரதியோடு நமக்கு விவாதிக்க நிறைய இருக்கிறது, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் போலீசால் இங்கிருந்த அச்சகத்துக்குள் நுழைய முடியவில்லை. ஆகவே, இதழ் தங்கள் எல்லைக்குள் வராமல் தடுத்தார்கள். 1910இல் இதழ் நின்றுபோனது.

இதை வைத்து பிரெஞ்சு ஆட்சியை யாரும் புனிதமாக்கிவிட வேண்டாம். 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றதும் அந்த ஆட்சிதான். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அன்றைய தடைக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. இன்று கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும், டெல்லி ஓர் இணையதளத்தை முடக்கினால் முடங்கியதுதான்.

2012 அக்டோபரில் நம் ஊரில் நடந்ததை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். அன்றைய ஒன்றிய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி இங்கே ஒருவர் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. புகார் வந்தது, விடிகாலையில் போலீஸ் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் என்பதையும் மறக்க வேண்டாம். தணிக்கை எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் சொந்தமான நோய் அல்ல.

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. நாம் கொண்டாடினோம். ஆனால் அதே தீர்ப்பு 69ஏ பிரிவை அப்படியே விட்டுவைத்தது. இணையதளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. அதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. யார் கேட்டார்கள், ஏன் முடக்கினார்கள் என்பது வாசகருக்குத் தெரியாது. பல நேரங்களில் எழுதியவருக்கே தெரியாது.

1975இல் நெருக்கடி நிலை வந்தபோது சில நாளிதழ்கள் தலையங்கம் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அச்சிட்டன. அந்த வெற்றிடத்தைப் பார்த்த வாசகருக்கு இங்கே ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்தது. இன்று அந்த வெற்றிடமும் இல்லை. பக்கம் திறக்காவிட்டால் 'நெட் ஸ்லோ' என்று நினைத்து அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். இன்றைய தணிக்கையின் பலம் இதுதான்: தணிக்கை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

2025 பிப்ரவரியில் விகடன் தளம் திடீரெனத் திறக்கவில்லை. டிரம்ப் அருகில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கேலிச்சித்திரத்தை வெளியிட்டிருந்தார்கள். ஒரே ஒரு படம், ஆனால் பலருக்கு மொத்தத் தளமும் போனது. முன்னறிவிப்பு ஏதும் இல்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது. அதற்கும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுக்க வேண்டியிருந்தது.

விகடனுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஊரே பேசியது. சேரியில் நடந்த வன்கொடுமையைக் கைப்பேசியில் பதிவுசெய்து போடும் இளைஞனின் யூடியூப் சேனல் காணாமல் போனால் யார் பேசுவார்கள்?

சாதி இங்கேதான் வருகிறது. நமக்கு அரசுத் தணிக்கைக்கு முன்பே சாதித் தணிக்கை இருக்கிறது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகரின் 'கேசரி'. பெரிய பத்திரிகைகளின் கதவு மூடியிருந்ததால்தான் நம்மவர்கள் இணையத்துக்கு வந்தார்கள். மற்றவர்களுக்கு இணையம் பல வழிகளில் ஒன்று. நமக்கோ பெரும்பாலும் அது ஒன்றுதான் வழி. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அரசு மூன்று மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தது. பிணம் விழுந்த வீடுகளின் குரல் வெளியே போகக் கூடாத நேரத்தில்தான் அந்தக் கத்தரி வந்தது.

அப்படியானால் என்ன செய்வது? பெரியாரிடம் போவோம். 1933இல் அரசின் கல்விக் கொள்கையைக் கண்டித்த 'குடிஅரசு' தலையங்கத்துக்காக அவர் மீதும், வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாள் மீதும் வழக்கு. இருவரும் சிறை சென்றார்கள். 'குடிஅரசு' நின்றது, 'புரட்சி' வந்தது. 'புரட்சி' நின்றது, 'பகுத்தறிவு' வந்தது. 1935இல் 'குடிஅரசு' மறுபடியும் வந்தது. இதழுக்கு முன்பே வாசகர்கள் அமைப்பாகத் திரண்டிருந்ததால்தான் பெயர் மாறினாலும் இதழ் அவர்களைத் தேடிப் போய்ச் சேர முடிந்தது.

நம்மிடம் சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள், அந்த அமைப்பு இல்லை. அதைக் கட்டுங்கள். முக்கியமான கட்டுரைகளைச் சேமித்து வையுங்கள், அச்சிட்டுக் கொடுங்கள், தெருவில் கூடிப் படியுங்கள். ஒரு பக்கம் முடக்கப்பட்டால், முடக்கப்பட்டது என்று அன்றே எழுதுங்கள், உத்தரவைக் காட்டு என்று கேளுங்கள். காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று 2015 தீர்ப்பே சொல்கிறது.

அவர்கள் விடாத வெற்றிடத்தை நாம்தான் ஊருக்குக் காட்ட வேண்டும்.