முந்திரித் தோப்பில் ஒரு டப்பா



பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற சாலையில் காடாம்புலியூரைத் தாண்டும்போது இருபுறமும் செம்மண்ணும் முந்திரியும் பலாவும்தான். இந்தத் தோப்பு ஒன்றில் சின்ன டப்பா ஒன்றை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மட்டும் வெளியே சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் தேடி வருவார். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதுவார். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்புவார். ஜியோகேச்சிங் என்னும் பொழுதுபோக்கு இவ்வளவுதான்.

இது பிறந்த நாள் நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான செயற்கைக்கோள் ஏற்பாடு. பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். கருவி காட்டுவதற்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் கருப்பு வாளி ஒன்றைக் காட்டோரம் வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே சில புத்தகங்கள், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். மூன்று நாளைக்குள் இரண்டு பேர் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள்.

செயற்கைக்கோள் வழிகாட்டிய பிறகு இதில் திறமைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. கடைசிப் பத்து மீட்டரில்தான் வேலையே இருக்கிறது. முந்திரி மரத்தின் கிளைகள் மண்ணைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து படரும். அந்த இலைக்கூட்டத்துக்கு அடியில் போனதும் சிக்னல் தடுமாறுகிறது. ஆறு மீட்டர் கிழக்கே என்று காட்டிய கருவி, இரண்டடி வைத்ததும் எட்டு மீட்டர் வடக்கே என்கிறது. பழகியவர்கள் அப்போது கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிடுவார்கள். காய்ந்த சருகு ஓரிடத்தில் மட்டும் கலைந்திருக்கிறதா, மரப்பொந்துக்கு முன்னால் ஒரு கல் இயல்புக்கு மாறாக நிமிர்ந்து நிற்கிறதா, செவ்வெறும்புக்குப் பயந்து யாரும் கைவைக்காத கிளை எது என்று கண்ணால் தேடுவார்கள். இப்படி நின்று பார்க்கப் பழக்குவதால்தான் இந்தப் பொழுதுபோக்கை நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஒளிப்பவரின் பொறுப்பு அதைவிடப் பெரிது. வானம் தெரிகிற இடத்தில் கருவியைச் சில நிமிடம் அசையாமல் பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும். இன்னொரு நாள் போய் மறுபடி சரிபார்க்க வேண்டும். அட்சரேகையின் ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தரையில் சுமார் 1.85 மீட்டர். எண்ணை அலட்சியமாகக் குறித்தால் தேடுபவர் அடுத்தவர் தோப்பில் நிற்பார். நெடுஞ்சாலைத் தடுப்புக்கு அடியில் டப்பாவைச் செருகிவிட்டுப் போவதெல்லாம் என் கணக்கில் சேராது. பார்க்க வேண்டிய ஓர் இடத்துக்கு மனிதரை அழைத்துவருவதற்குத்தான் டப்பா.

நம் பகுதியில் இடம் சொல்வதே மரத்தை வைத்துத்தான்: பெரிய பலாவுக்குத் தெற்கே, இரட்டைப் பனைக்கு மேற்கே என்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மரத்தோடு அந்த அடையாளங்களும் போயின. ஒரு பழைய மரம் நின்ற இடத்தை எண்ணால் குறித்துவைத்து, அதன் கதையை டப்பாவுக்குள் ஒரு தாளில் எழுதி வைத்தால், தேடி வருகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

பூமியில் ஓர் இடத்தை எண்ணால் பிடிக்கும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பண்ருட்டிக்குக் கிழக்கே, கெடிலக் கரையில் இருக்கிறது திருவந்திபுரம். 1802இல் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்த நில அளவையாளர் வில்லியம் லாம்டன், வடக்குத் தெற்காக அளக்கும் தம் முதல் தீர்க்கரேகை வில்லுக்குத் தெற்கு முனையாக எடுத்துக்கொண்ட ஊர் அது. வடக்கு முனை சென்னைக்கும் அப்பால். இடையில் சுமார் 175 கிலோமீட்டர். நட்சத்திரங்கள் உச்சிக்கு எவ்வளவு அருகில் கடக்கின்றன என்ற கோணத்தை அளந்து, திருவந்திபுரத்துக்கு அட்சரேகை 11 டிகிரி 44 நிமிடம் 52 நொடி என்று கண்டார்கள். ஒரு நொடி என்றால் தரையில் முப்பது மீட்டர். பெரிய கருவிகளையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு அவர்கள் பெற்ற எண்ணை, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் கைக்கருவி இன்று சில நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

கடலோரத்தில் தேவனாம்பட்டினத்துக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போனால் இந்தக் கருவியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களைப் படகிலேயே பார்க்கலாம். மீன் கிடைக்கும் இடத்தைப் பதிந்துவைத்து, கரை தெரியாத இருட்டிலும் அதே இடத்துக்குப் போகிறார்கள். ஆனால் அந்த எண்ணை யாருக்கும் எளிதில் சொல்லமாட்டார்கள். அது அவர்கள் பிழைப்பு. டப்பா ஒளிப்பவர் பொருளை மறைத்துவிட்டு எண்ணை ஊருக்கெல்லாம் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அட்சரேகை பாடம் நடத்த, அந்தக் கடலோடிகளில் ஒருவரை அழைத்துவந்து உட்காரவைக்கலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தோப்புக்காரரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. கொட்டை விழும் பருவத்தில் மரத்தடியில் குனிந்து தேடினால் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள், அறுவடை முடியட்டும். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைப்பது விளையாட்டின் விதிக்கே விரோதம். நெய்வேலிச் சுரங்கப் பக்கமும் ரயில் பாதைப் பக்கமும் வேண்டவே வேண்டாம். சிக்னலை வாங்க மட்டும் செய்கிற கருவி போதும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. டப்பா உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இது என்ன, யார் வைத்தது என்று மேலே தமிழில் எழுதி ஒட்டுங்கள். வைப்பதற்கு முன்னால் காவல் நிலையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.