ரதி வேஷம் கட்டியவரின் மகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம் பாடசாலையும் நாடகமும்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். தமிழ்த் தினப் போட்டிக்கு நாம் போட்ட நாடகங்கள், காட்போட் மட்டையில் வெட்டிய கிரீடங்கள், வெள்ளித்தாள் ஒட்டிய வாள்கள் எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நான் பேச நினைப்பது, பாடசாலை வாசலுக்கு வெளியே நாம் விட்டுவிட்டு வந்த ஒரு நாடகத்தைப் பற்றி. அது தோட்டத்துக் காமன் கூத்து.

மாத்தளையில் மாசி பிறந்தால் பட்டணத்துக்கு முத்துமாரியம்மன் தேர். தோட்டத்துக்குக் காமன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் பொட்டலில் கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டிக் காமன் ஊன்றுவார்கள். அன்று முதல் பௌர்ணமி வரை ஒவ்வோர் இரவும் தப்புச் சத்தம்தான். பகலில் மலைக்குப் போய் வேலை செய்தவர்களே இரவில் ரதியும் மதனும் தூதனும் வீரபத்திரனும் எமனும் ஆவார்கள். டிக்கெட் கிடையாது, திரை கிடையாது. லயம் லயமாகக் கூத்து நம்மைத் தேடி வரும். பௌர்ணமி இரவில் சிவன் பரணிலிருந்து கயிற்றில் ஓடி வரும் வாணம் பட்டுக் காமன் எரிவான். அப்போது ரதி பாடும் ஒப்பாரிக்கு, அந்த வருடம் வீட்டில் யாரையாவது இழந்த பெண்களெல்லாம் சேர்ந்து அழுவார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்து மதனை எழுப்பினால்தான் கூத்து முடியும்.

எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் என் அப்பா. அந்த நாட்களில் அவருக்கு மச்சம் மாமிசம் இல்லை, வெறுந்தரையில்தான் படுக்கை. வயதான அம்மாயிகள்கூட அவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி "ரதியம்மா" என்று கும்பிடுவார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, காமன் எரிந்த மறுநாள் பெற்றோர் கூட்டம். அப்பா இரவெல்லாம் ஆடிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தார். காதோரத்தில் அரிதாரம் போகவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை, "உங்கப்பா முகத்தில என்ன?" என்று கேட்டாள். "தோல் வருத்தம், மருந்து பூசியிருக்கார்" என்றேன். அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. லேஞ்சியை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இந்தப் பாடசாலைக்கு வரவேயில்லை.

இதை இன்றுதான் முதன்முதலாகச் சபையில் சொல்கிறேன். என்னைப்போல லயத்திலிருந்து வந்த வேறு பிள்ளைகளும் இங்கு இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் தப்பையும் கூத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தோம்?

அது வெட்கப்பட வேண்டிய கலையா? பேராசிரியர் சரச்சந்திர 1956இல் கிராமத்து நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு "மனமே"யை மேடையேற்றினார், சிங்கள அரங்கே திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். நம் மலையில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். நம் ஊரவரான மாத்தளை வடிவேலன் மலையகக் கலைகளைப் பற்றி எழுதினார். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் மனதில்தான் சுமந்து வந்தார்கள். அவர்கள் வந்த இருநூறாண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் மிதித்ததும் அந்தத் தடத்தைத்தான்.

அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடைத்தது. ரதியின் பாட்டெல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். இதோ, கொண்டு வந்திருக்கிறேன். சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. எந்த அடிக்குத் தப்பு எப்படி விழும் என்பதும் இதில் இல்லை. அது தெரிந்தவர் எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரே ஒரு வாத்தியார்தான். அவருக்கு எண்பது கடந்துவிட்டது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். வாத்தியாரை அழைத்து மெட்டையும் அடியையும் பதிவு செய்வோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பாட்டை இன்றிரவே தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள். வரும் மாசியில் நம் மண்டபத்தில் பிள்ளைகளே காமன் கூத்தை ஆடட்டும். ஆண்களே கட்டிவந்த ரதி வேஷத்தை இம்முறை ஒரு பெண்பிள்ளை கட்டட்டும். கொப்பியை நான் தருகிறேன்.

அன்று முன்வரிசையில் ஒரு கதிரையை மட்டும் வெறுமையாக விடுங்கள். வாசலோடு திரும்பிப் போன தகப்பன்மாருக்காக.