படத்தில் நிற்பவர்களின் பேர்

(கண்டியில் நடந்த தோட்டப் பெண்கள் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்துக்கு நாங்கள் ஒரு படத்தையும் ஒரு கவிதையையும் கொண்டுபோய் மண்டபச் சுவரில் அடுத்தடுத்து ஒட்டினோம். சம்பளம் பேசக் கூடிய கூட்டம் அது. படத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். பொழுது சாயும்வரை பேச்சு நீண்டது. அன்றைக்கு வர முடியாதவர்களுக்காக அதைச் சொல்கிறோம்.

படத்தை எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற வெள்ளைக்கார அம்மா. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் கோல்புறூக் – கமரூன் சீர்திருத்தம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்தக் கமரூனின் மனைவி. 1875இல் புருஷனோடு இங்கே குடியேறினார். அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரிய மனிதர்களைப் படம் எடுத்தபோது பெயர் போட்டார். டெனிசன் என்ற கவிஞரின் பாட்டுகளுக்கென்றே படம் எடுத்துப் புத்தகமும் போட்டார். ஆக, படத்தையும் கவிதையையும் சேர்த்து வைப்பது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஆனால் இங்கே அவர் எடுத்த தோட்டத் தொழிலாளர் படத்தில் ‘தொழிலாளர்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முதலில் படத்தை மட்டும் காட்டினோம். “நல்லா இருக்கு”, “பழைய காலத்துச் சனம்” என்றார்கள். அவ்வளவுதான். பிறகு சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்த கவிதையிலிருந்து ஒரு பகுதியை எங்கள் தங்கச்சி ஒருத்தி வாசித்தாள். சி. வி. 1914இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கக்காரர். விடியற்காலைத் தப்புச் சத்தத்தையும், தேயிலைத் தூரடியில் ஓர் அடையாளமும் இல்லாமல் புதைந்துபோன நம் ஆட்களையும் அவர் எழுதியிருக்கிறார்.

வாசித்து முடித்ததும் மண்டபம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: “இவங்கள நிக்க வச்சுப் படம் புடிச்சாங்களே, அன்னைக்குப் பேரு போட்டாங்களா?”

எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் பல விநாடி அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் வேலைதானே? நம் ஊரில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேரை அரையாக்கிக் கணக்கு எழுதும் வேறு தொழில் இருக்கிறதா, எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. ஒருவர் மகியாவை மயானத்தைச் சொன்னார். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. அவரைத் தோட்டத்து ஆட்களே கண்டிவரை தோளில் சுமந்து வந்தார்கள் என்று சொல்வார்கள். சுமந்தவர்கள் யார்? ஹந்தானைக்குப் போகும் வழியில் நம் பிள்ளைகளை மறித்துக் கூடையோடு படம் எடுக்கும் டூரிஸ்ட்டுகளைப் பற்றி இளசுகள் காரசாரமாகப் பேசினார்கள். காசு வாங்கலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. அது இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம், பேசட்டும்.

வயதான ஒரு அம்மா மட்டும் எழுந்து லயத்துக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படம். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டதல்லவா, அதற்குப் பின் பாஸ்போர்ட்டுக்காகக் கண்டி டவுனில் அவருடைய அண்ணன் குடும்பம் எடுத்த படம். அண்ணன், அண்ணி, நான்கு பிள்ளைகள். ஒட்டியது போக மிஞ்சிய பிரதி. கோச்சியில் ஏறியவர்கள் திரும்பி வரவில்லை. முதலில் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

“இதுக்கும் பக்கத்துல ஏதாச்சும் எழுதி ஒட்டுங்க” என்றார்.

எழுத எங்களுக்குக் கவிதை தெரியாது. பேரைச் சொல்லுங்கள் அம்மா, அதை எழுதுகிறோம் என்றோம். விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொன்னார். அண்ணியின் மடியில் இருந்த கடைசிப் பிள்ளையிடம் வந்ததும் விரல் நின்றது. “வீட்டுல பாப்பான்னுதான் கூப்புடுவோம். ஆபீசுல எழுதின பேரு...” என்று யோசித்தார். வரவில்லை. ‘பாப்பா’ என்றே எழுதினோம்.

அடுத்த கூட்டத்துக்குப் பெட்டியில் கிடக்கும் படங்களை எடுத்து வாருங்கள். பேனை நாங்கள் கொண்டுவருகிறோம். பேர் தெரிந்த பெரியவர்களையும் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.